மொனாஸ்கஸ் பூஞ்சையிலிருந்து பரப்புச் செயலியின் துணையோடு நிறமி எடுத்தல்: முழுமையான வழிகாட்டி

மொனாஸ்கஸ் பர்பூரியஸ் என்னும் பூஞ்சையைத் திரவ ஊடகத்தில் வளர்த்தால், அது உண்டாக்கும் ஆரஞ்சு நிறமியின் பெரும்பகுதி நீரில் கரையாமல் இழைகளுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. உள்ளே தேங்கும் நிறமி மேற்கொண்டு நிறமி உருவாவதையும் தடுக்கிறது. சர்ஃபாக்டன்ட் என்று ஆய்வகங்களில் அழைக்கப்படும் பரப்புச் செயலியை ஊடகத்தில் சேர்க்கும்போது, அதன் மூலக்கூறுகள் திரண்டு மைசெல்கள் என்னும் நுண்ணிய திரள்களாகி நிறமியைத் தமக்குள் வாங்கிக்கொள்கின்றன. இழைச் சவ்வும் சற்று நெகிழ்ந்து நிறமிக்கு வழி விடுகிறது.

பூஞ்சையை வடித்து நீக்கிய பின் கிடைக்கும் வடிநீர் ஆழ்ந்த நிறம் பெற்றதைப் பார்த்தவுடன் உற்பத்தி பெருகிவிட்டது என்று முடிவு கட்டுவதே, புதிதாக இந்த வேலைக்கு வருவோரிடம் நான் மிகுதியாகக் காணும் பிழை. உள்ளே இருந்தது வெளியே வந்ததா, அல்லது முன்பு இல்லாத நிறமி புதிதாக உருவானதா என்ற கேள்விக்குக் கண் விடை சொல்லாது. அந்த விடையைப் பெறும் வகையிலேயே கீழ்க்காணும் படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். வரிசையை மாற்றினால் கடைசியில் கையில் நிறம் இருக்கும், கணக்கு இருக்காது.

1. எந்த நிறம் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தல்

மொனாஸ்கஸ் தரும் நிறமிகள் மூன்று வகைப்படும். மொனாசினும் அங்காஃப்ளேவினும் மஞ்சள். ரூப்ரோபங்க்டேட்டினும் மொனாஸ்கோரூப்ரினும் ஆரஞ்சு. ரூப்ரோபங்க்டமினும் மொனாஸ்கோரூப்ரமினும் சிவப்பு. ஆரஞ்சு நிறமியின் வளையத்தில் உள்ள ஆக்சிஜன் இருந்த இடத்தில், அமினோ தொகுதியிலிருந்து நைட்ரஜன் வந்து அமர்ந்தால் அது சிவப்பாகிவிடும். ஆகவே எந்த நிறம் கிடைக்கும் என்பது, ஊடகத்தில் நீங்கள் இடும் நைட்ரஜன் மூலத்தையும் பிஎச் அளவையும் பொறுத்தே பெரிதும் அமைகிறது.

மோனோசோடியம் குளூட்டமேட் போன்ற கரிம நைட்ரஜனும் 6 முதல் 6.5 வரையிலான பிஎச்சும் இருந்தால் சிவப்பு ஓங்கும். குளூட்டமேட்டோடு பிணைந்த சிவப்பு நிறமி நீரில் கரையக்கூடியது என்பதால் பரப்புச் செயலி இல்லாமலேயே பெருமளவு வெளியே வந்துவிடும். அதற்குப் பரப்புச் செயலியைத் தேடிப் போவது வீண் செலவு.

அம்மோனியம் சல்பேட்டும் 2.5 அளவிலான பிஎச்சும் இருந்தால், சிவப்பாக மாற அமினோ தொகுதி கிடைக்காமல் ஆரஞ்சும் மஞ்சளும் நிற்கும். நீரை வெறுக்கும் இவ்வகை நிறமிகளுக்குத்தான் பரப்புச் செயலி உண்மையில் உதவுகிறது. இந்த வழிகாட்டி இரண்டாவது பாதையைப் பற்றியது.

2. முன்கூட்டியே திரட்ட வேண்டியவை

லேமினார் மேடை (கிருமி நீக்கிய காற்று வீசும் வேலை மேடை), ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலன்), 30 டிகிரி செல்சியசில் நிற்கும் ஷேக்கர் (குடுவைகளைக் குலுக்கும் கருவி), பிஎச் மீட்டர், சென்ட்ரிஃப்யூஜ் (சுழற்றிப் பிரிக்கும் கருவி), நுண்ணோக்கி, 350 முதல் 600 நானோமீட்டர் வரை அலகிடக்கூடிய ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் (ஒளி உட்கவர்வை அளக்கும் கருவி), 80 டிகிரி வரை செல்லும் நீர்த்தொட்டி ஆகியவை தேவை. கீழே விவரிக்கும் சோதனைக்கு 250 மில்லிலிட்டர் கூம்புக் குடுவைகள் முப்பது வேண்டும். அத்தனை குடுவைகளும் ஷேக்கரில் ஒருசேர இடம் பெறுமா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பாதிக் குடுவைகளை இந்த வாரமும் மீதியை அடுத்த வாரமும் வளர்த்து ஒப்பிட்டால், குடுவைகளில் தொடக்கமாக இடும் பூஞ்சையான விதை வளர்ப்பின் வேறுபாடு பரப்புச் செயலியின் விளைவு போலத் தோற்றம் தரும்.

3. வளர்ப்பைத் தேர்ந்தெடுத்தலும் பேணுதலும்

சண்டிகரில் உள்ள எம்டிசிசி நுண்ணுயிர் சேமிப்பகத்தில் மொனாஸ்கஸ் பர்பூரியஸ் எம்டிசிசி 410 போன்ற வகைகள் கிடைக்கின்றன. சந்தையில் விற்கும், மொனாஸ்கஸ் வளர்த்துச் சிவப்பாக்கிய அரிசியிலிருந்து தாமே பிரித்தெடுக்கச் சிலர் முயல்கிறார்கள். அந்த வகை சிட்ரினின் என்னும் சிறுநீரக நஞ்சை எவ்வளவு உண்டாக்கும் என்பது தெரியாது. எனவே தொடங்குவோர் அடையாளம் உறுதியான வளர்ப்பையே வாங்குவது நல்லது.

உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகர் சாய்வில் (குழாயைச் சாய்த்து உறைய வைத்த ஊடகத்தில்) 30 டிகிரியில் ஏழு நாள் வளர்த்து, 4 டிகிரியில் வைக்கலாம். முதல் இரண்டு நாள் வெண்மையாகப் படரும் இழை, நடுவிலிருந்து ஆரஞ்சாகிப் பின் அடிப்புறம் ஆழ்ந்த செந்நிறம் கொள்ள வேண்டும். சாய்விலிருந்து சாய்வுக்குத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டே போனால் நிறம் தரும் ஆற்றல் குன்றி, தட்டில் வெள்ளைக் கூறுகள் தோன்றும். அவ்வாறு வெளுத்த சாய்வைப் பரப்புச் செயலி மீட்டுவிடாது. வளர்ப்பு வந்தவுடனேயே கிளிசராலில் உறைய வைத்த பல குப்பிகளைச் சேமித்து, ஒவ்வொரு சோதனைக்கும் புதிய குப்பியிலிருந்து தொடங்குங்கள்.

4. விதை வளர்ப்பு

ஏழு நாள் வளர்ந்த சாய்வின் மேல் ட்வீன் 80 என்னும் பரப்புச் செயலி 0.01 சதவீதம் கலந்த தூய நீரை ஊற்றி, வளையத்தால் மெல்லச் சுரண்டி, தூய பஞ்சின் வழியே வடித்து வித்துகளைப் பிரிக்க வேண்டும். பஞ்சில் வடிப்பதைத் தவிர்த்தால் இழைத் துண்டுகளும் கலந்து, குடுவைக்குக் குடுவை பூஞ்சை உருண்டைகளின் அளவு மாறிவிடும். எண்ணிக்கைத் தட்டில் எண்ணி, விதை ஊடகத்தில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் வித்துகள் இருக்குமாறு சேருங்கள்.

விதை ஊடகத்துக்கு ஒரு லிட்டரில் குளுகோஸ் 30 கிராம், ஈஸ்ட் சாறு 3 கிராம், சோடியம் நைட்ரேட் 2 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1 கிராம், மெக்னீசியம் சல்பேட் 0.5 கிராம் போதும். 30 டிகிரியில், நிமிடத்துக்கு 180 சுற்றில், 36 முதல் 48 மணி நேரம் வளர்த்த பின் ஒரு துளியை நுண்ணோக்கியில் பாருங்கள். கிளைத்த, குறுக்குச் சுவருள்ள இழைகள் மட்டுமே தெரிய வேண்டும். முட்டை வடிவ ஈஸ்ட் செல்கள் தெரிந்தால் முழுவதையும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்குவதே சிக்கனம். அமில ஊடகம் பாக்டீரியாவை அடக்குமே தவிர ஈஸ்ட்டை அடக்காது.

உற்பத்திக் குடுவைக்கு மாற்றும் முன் விதை இழைகளைத் தூய நீரில் இருமுறை கழுவி, முன்பிருந்த அதே கனஅளவு நீரில் மீண்டும் கலக்குங்கள். ஈஸ்ட் சாற்றின் அமினோ அமிலங்கள் உடன் சென்றால் ஆரஞ்சின் ஒரு பங்கு சிவப்பாகி, ஒன்றாம் படியில் எடுத்த முடிவையே குலைத்துவிடும்.

5. உற்பத்தி ஊடகம்

முடிவான ஒரு லிட்டர் அளவுக்கு: குளுகோஸ் 50 கிராம், அம்மோனியம் சல்பேட் 5 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 5 கிராம், மெக்னீசியம் சல்பேட் 0.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.5 கிராம், மாங்கனீசு சல்பேட் 0.03 கிராம், துத்தநாக சல்பேட் 0.01 கிராம், இரும்பு சல்பேட் 0.01 கிராம்.

இவை அனைத்தையும் ஒன்றாகக் கலந்து ஆட்டோகிளேவில் வைத்துவிடக் கூடாது. குளுகோஸ் நைட்ரஜன் சேர்மங்களோடு சேர்ந்து 121 டிகிரியில் சூடாகும்போது பழுப்பேறும். அந்தப் பழுப்பு 400 நானோமீட்டரை ஒட்டிய பகுதியில் ஒளியை உட்கவர்வதால், பூஞ்சை வளரும் முன்பே குடுவையில் மஞ்சள் நிறமி இருப்பதாகக் கருவி காட்டும்.

ஆகவே ஒரு லிட்டருக்குரிய உப்புகளை 750 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஎச் 2.5 ஆக்கி, குடுவைக்கு 37.5 மில்லிலிட்டர் வீதம் ஊற்றித் தூய்மைப்படுத்துங்கள். 50 சதவீத குளுகோஸ் கரைசலைத் தனியே தூய்மைப்படுத்தி, குடுவைக்கு 5 மில்லிலிட்டர் சேருங்கள். கழுவிய விதை 5 மில்லிலிட்டர், பரப்புச் செயலிக் கரைசலோ தூய நீரோ 2.5 மில்லிலிட்டர் என மொத்தம் 50 மில்லிலிட்டர் வரும். இந்தக் கூட்டலை முதலிலேயே தாளில் எழுதி வைப்பது அவசியம். பரப்புச் செயலி சேர்த்த குடுவையில் கனஅளவு கூடியும் சேர்க்காத குடுவையில் குறைந்தும் இருந்தால், ஒப்பீடு தொடக்கத்திலேயே கோணலாகிவிடும்.

6. பரப்புச் செயலியைக் கையாளுதல்

இந்த வேலைக்கு அயனியற்ற, அதாவது மின்னூட்டம் இல்லாத பரப்புச் செயலிகளே ஏற்றவை. சோடியம் டோடெசில் சல்பேட் போன்ற அயனி வகைகள் சவ்வைச் சிதைத்துப் பூஞ்சையைக் கொன்றுவிடும். ஆய்வில் அதிகம் பயன்படுபவை டிரைட்டன் எக்ஸ்-100, ட்வீன் 80 ஆகிய இரண்டும்.

ட்வீன் 80 ஓலிக் அமிலத்தின் எஸ்டர். கொழுப்பை உடைக்கும் பூஞ்சையின் லிப்பேஸ் நொதிகள் அதை உடைத்து, வரும் கொழுப்பு அமிலத்தை உணவாக்கிக்கொள்ளக்கூடும். எனவே ட்வீன் சேர்த்த குடுவையில் இழை எடை கூடினால், அது மைசெல்லின் விளைவா கூடுதல் உணவின் விளைவா என்ற ஐயம் நீங்காது. டிரைட்டன் எக்ஸ்-100 அவ்வாறு எளிதில் உடைவதில்லை. பொறிமுறையை அறிய விரும்புவோருக்கு அதுவே தெளிவான விடை தரும். ஆனால் டிரைட்டன் உணவில் சேர்க்கத் தக்கதன்று. அது சிதையும்போது வரும் ஆக்டைல்ஃபீனால் நீர்வாழ் உயிரினங்களின் ஹார்மோன் இயக்கத்தைக் குலைப்பதால், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜனவரி 4 முதல் தனி அனுமதி இன்றி அதைப் பயன்படுத்த முடியாது. டிரைட்டன் சேர்த்து எடுத்த எந்தச் சாற்றையும் உணவுப் பொருள் என்று எண்ணக் கூடாது.

தூய டிரைட்டன் கெட்டியாகப் பிப்பெட்டில் ஒட்டிக்கொண்டு இறங்காமல் நிற்கும். பிப்பெட்டில் அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவு விழும். எடை போட்டே எடுக்க வேண்டும். 100 மில்லிலிட்டரில் 20 கிராம் இருக்குமாறு கரைத்துக்கொள்ளுங்கள். இன்னும் செறிவாக வைக்கலாம் என்று 40 சதவீதத்துக்கு மேல் போனால், அறை வெப்பத்திலேயே கரைசல் கூழாக இறுகிவிடும்.

இக்கரைசல் ஏறத்தாழ 65 டிகிரியில் கலங்கிப் பிரியும். ஆட்டோகிளேவிலிருந்து எடுக்கும்போது இரண்டு அடுக்காக நிற்பதைக் கண்டு கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுவோர் உண்டு. நுரை எழாமல் மெல்லச் சுழற்றிக்கொண்டே ஆறவிட்டால் மீண்டும் தெளிந்துவிடும். பிரிந்த நிலையிலேயே மேலிருந்து எடுத்து ஊற்றுவதுதான் ஆபத்து: அப்போது சில குடுவைகளுக்கு வெறும் நீரே போயிருக்கும்.

டிரைட்டன் மைசெல்லாகத் திரளத் தொடங்கும் செறிவு லிட்டருக்கு ஏறக்குறைய 0.15 கிராம். நாம் சேர்க்கும் அளவு அதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்க வேண்டும். ஏனெனில் மைசெல்களின் மொத்தக் கொள்ளளவே எவ்வளவு நிறமி வெளியே தங்கும் என்பதை வரையறுக்கிறது. முதல் சோதனைக்கு லிட்டருக்கு 10 கிராம் வையுங்கள். மேற்சொன்ன 20 சதவீதக் கரைசலில் 2.5 மில்லிலிட்டர் அதைத் தந்துவிடும். பின்னர் 5, 20, 40 கிராம் என விரித்துப் பார்க்கலாம்.

7. எப்போது சேர்ப்பது

அளவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நேரத்தைப் பற்றிக் கேட்போர் குறைவு. என் பார்வையில் நேரமே கூடுதல் முக்கியத்துவம் உடையது.

விதை இடும்போதே பரப்புச் செயலியையும் சேர்த்தால், இளம் இழைகளின் சவ்வு நெகிழ்ந்து வளர்ச்சி தாமதமாகக் கூடும். நிறமி உருவாக்கும் இழையே குறைவாக இருக்கும். மிகவும் தாமதித்துச் சேர்த்தாலோ உள்ளே தேங்கிய நிறமி உற்பத்தியை ஏற்கெனவே முடக்கியிருக்கும்; அப்போது பரப்புச் செயலி செய்வது வெறும் சாறு இறக்கும் வேலையே. இழை போதுமான அளவு வளர்ந்து, அதன் நிறம் வெண்மையிலிருந்து இளம் ஆரஞ்சுக்கு மாறத் தொடங்கும் தருணமே ஏற்றது. மேற்சொன்ன ஊடகத்தில் அது பெரும்பாலும் 48 மணி நேரத்தை ஒட்டி வரும். கடிகாரத்தை மட்டும் நம்பாமல், ஒரு குடுவையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி உருண்டைகளின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

8. ஒப்பீட்டுக் குடுவைகள்

குடுவைகளை நான்கு குழுக்களாகப் பிரிக்க வேண்டும்.

அ குழுவில் பரப்புச் செயலி இல்லை, 2.5 மில்லிலிட்டர் தூய நீர் மட்டும். ஆ குழுவில் தொடக்கத்திலேயே பரப்புச் செயலி. இ குழுவில் 48 மணி நேரத்தில் பரப்புச் செயலி. ஈ குழுவைப் பரப்புச் செயலி இன்றி ஏழு நாள் வளர்த்து, கடைசி நாளில் மட்டும் சேர்த்து ஆறு மணி நேரம் குலுக்க வேண்டும்.

ஈ குழுவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் முழுச் சோதனையின் உயிரே அதில்தான் இருக்கிறது. அங்கே புதிய உற்பத்திக்கு நேரமே இல்லை. வெளியே வரும் நிறம் முழுவதும் முன்பே உள்ளே இருந்தது. இ குழுவின் மொத்த நிறமி ஈ குழுவின் மொத்தத்தைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தால் மட்டுமே, பரப்புச் செயலி உற்பத்தியைத் தூண்டியது என்று சொல்ல இடமுண்டு.

அ, ஆ, இ மூன்றிலும் 3, 5, 7 ஆம் நாள்களுக்கு மும்மூன்று குடுவைகள் வீதம் 27. ஈ குழுவில் மூன்று. அந்தந்த நாளில் குடுவையை முழுவதுமாக எடுத்து அளக்க வேண்டும். பூஞ்சை உருண்டைகளாக வளர்வதால், பிப்பெட்டில் உறிஞ்சும் ஒரு மில்லிலிட்டரில் சில நேரம் இருபது உருண்டைகள் வரும், சில நேரம் இரண்டு வரும். அந்த எண் எதற்கும் உதவாது.

9. வளர்ப்பு நாள்கள்

வெப்பம் 30 டிகிரி, வேகம் நிமிடத்துக்கு 180 சுற்று. நிறமிகள் ஒளியில் சிதைவதால் குடுவைகளை இருட்டிலேயே வளர்க்க வேண்டும். ஷேக்கரின் கண்ணாடி மூடியில் கறுப்புத் துணி போர்த்தினால் போதும்.

நுரைதான் பெருந்தொல்லை. நுரை ஏறிப் பஞ்சு அடைப்பை நனைத்துவிட்டால், காற்று உள்ளே செல்வது குறைவதோடு வெளிக் கிருமி இறங்கவும் வழி பிறக்கும். 250 மில்லிலிட்டர் குடுவையில் 50 மில்லிலிட்டருக்கு மேல் வைக்காதீர்கள். உட்புறம் மடிப்பு வைத்த குடுவைகளைத் தவிருங்கள். நுரையடக்கி சேர்ப்பதாக இருந்தால் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே அளவில் சேருங்கள், ஏனெனில் அதுவே ஆக்சிஜன் கரைவதைப் பாதிக்கும்.

10. அளத்தல்

குடுவையின் உள்ளடக்கத்தை எடையறிந்த வடிதாளில் வடித்து, வடிநீரைத் தனியே வையுங்கள். இழையைக் குறைந்தது மூன்று முறை நீரால் கழுவி, கழுவிய நீரையும் வடிநீரோடு சேர்த்துக் கனஅளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கழுவாவிட்டால் இழையில் ஒட்டிய டிரைட்டன் எடையைக் கூட்டிக் காட்டும், டிரைட்டன் ஆவியாகாது.

இழையை ஈரமாக எடை போட்டு இரண்டாகப் பகிருங்கள். ஒரு பங்கை 60 டிகிரியில் எடை நிலைக்கும் வரை உலர்த்தி உலர் எடையை அறியலாம். மறுபங்கை, பிஎச் 2 ஆக்கிய 70 சதவீத எத்தனாலில் ஒரு மணி நேரம் குலுக்கி நிறமியை இறக்குங்கள். அரை இழைக்கு 25 மில்லிலிட்டர் எத்தனால் எடுத்தால், 50 மில்லிலிட்டர் வளர்ப்புக்கு 50 மில்லிலிட்டர் என்ற விகிதம் காக்கப்படும். உள்நிறமி எண்ணையும் வெளிநிறமி எண்ணையும் நேராகக் கூட்டலாம். எத்தனாலை அமிலமாக்குவதற்குக் காரணம், நடுநிலையில் அமினோ சேர்மங்களோடு சேர்ந்து ஆரஞ்சு சிவப்பாகிக்கொண்டே இருக்கும் என்பதுதான். அன்றைக்கே அளந்துவிடுங்கள்.

வடிநீரையும் அதே எத்தனாலில்தான் நீர்க்கச் செய்ய வேண்டும். மைசெல்லுக்குள் இருக்கும் நிறமியும் எத்தனாலில் கரைந்த நிறமியும் ஒளியை ஒரே மாதிரி உட்கவர்வதில்லை. வெற்று அளவீட்டுக்கு, பூஞ்சை வளராத ஊடகத்தில் அதே செறிவில் பரப்புச் செயலி சேர்த்து அதே போல் நீர்க்கச் செய்து வையுங்கள்.

மஞ்சளுக்கு 410, ஆரஞ்சுக்கு 470, சிவப்புக்கு 510 நானோமீட்டரில் படித்து, நீர்த்த மடங்கால் பெருக்கினால் நிற அலகு கிடைக்கும். வடிநீரும் கழுவிய நீரும் சேர்ந்து 50 மில்லிலிட்டருக்கு மேல் வந்திருந்தால், அந்த மொத்தக் கனஅளவால் பெருக்கி 50 ஆல் வகுக்கவும். படிக்கும் எண் 0.2 முதல் 0.8 வரை இருக்குமாறு நீர்க்கச் செய்யுங்கள். மூன்று எண்களோடு நிற்காமல் 350 முதல் 600 வரை முழு நிறமாலையையும் எடுத்து வையுங்கள். பரப்புச் செயலி சேர்த்த வளர்ப்பில் நிறத்தின் அளவு மட்டுமன்றி நிறத்தின் வகையும் மாறி, உள்ளே ஆரஞ்சாக இருந்த இடத்தில் வெளியே மஞ்சள் ஓங்குவதுண்டு. முகடு நகர்ந்திருப்பதை நிறமாலைதான் காட்டும்.

கணக்கை விளக்க ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. அ குழுவில் வெளியே 5, உள்ளே 60, மொத்தம் 65. ஈ குழுவில் வெளியே 45, உள்ளே 20. மொத்தம் அதே 65. இ குழுவில் வெளியே 75, உள்ளே 20, மொத்தம் 95. வெளிநிறமியை மட்டும் பார்த்தவர், 5 என்பது 75 ஆகிப் பதினைந்து மடங்கு பெருகியது என்று எழுதுவார். அந்த 70 அலகு உயர்வில் 40 வெறும் வெளியேற்றம். புதிதாக உருவானது 30 தான்.

11. நிறமியைப் பிரித்தெடுத்தல்

வடிநீரில் 5 முதல் 10 சதவீதம் சோடியம் சல்பேட் கரைத்தால் டிரைட்டன் பிரியும் வெப்பநிலை இறங்கும். 60 டிகிரி நீர்த்தொட்டியில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். கலங்கல் தோன்றாவிட்டால் 70 வரை ஏற்றலாம். வெப்பத்தில் நிறமியும் மெல்லச் சிதைவதால், தேவைக்கு மேல் சூடாக்காமல் இருக்கவே உப்பு சேர்க்கிறோம்.

இரண்டு அடுக்கு தோன்றும். நிறமியோடு டிரைட்டன் செறிந்த அடுக்கு வழக்கமாக அடியில் நிற்கும். உப்பு மிகுந்தால் நீர் அடர்ந்து அது மேலே மிதக்கும். எந்த அடுக்கையும் அளந்து பார்க்காமல் கொட்டாதீர்கள். ஆறவிட்டால் இரண்டும் மீண்டும் கலந்துவிடும் என்பதால் சூடு இருக்கும்போதே பிரித்துவிட வேண்டும்.

செறிந்த அடுக்கிலிருந்து டிரைட்டனை முற்றாக நீக்குவது கடினம். துணிச் சாயத்துக்கு அவ்வளவு தூய்மை தேவைப்படாமலும் போகலாம். கம்பளியிலும் பட்டிலும் உள்ள புரதத்தின் அமினோ தொகுதிகளோடு ஆரஞ்சு நிறமி வினைபுரிந்து பற்றிக்கொள்ளும். பருத்தியில் அந்தப் பிடிப்பு இல்லை. உணவு நிறமி நோக்கமாக இருந்தால் இந்தப் பாதையே வேண்டாம். இழையை நேரடியாக எத்தனாலில் இறக்குவதே முறை. மொனாஸ்கஸ் நிறமி சீனாவிலும் ஜப்பானிலும் உணவு நிறமியாக அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் அனுமதி இல்லை.

12. சிட்ரினினும் கழிவும்

ஒவ்வொரு தொகுதியிலும் சிட்ரினினை ஒளிர்வுக் கண்டறிவி பொருத்திய எச்பிஎல்சி கருவியில் (கலவையின் கூறுகளைத் தனித்தனியே பிரித்து அளக்கும் கருவியில்) அளக்க வேண்டும். குறைந்த பிஎச்சில் வளர்த்தால் சிட்ரினின் குறையும் என்பது உண்மைதான். ஆயினும் வகைக்கு வகை அது மாறுவதால் அளவீட்டுக்கு மாற்றாகாது. பரப்புச் செயலி நிறமியை வெளியே கொணரும்போது சிட்ரினினையும் உடன் கொணரக்கூடும் என்பதால், வடிநீர், இழை இரண்டிலும் அளவிடுங்கள். மொனாஸ்கஸ் வளர்த்த சிவப்பு அரிசியால் ஆன உணவுச் சத்து மாத்திரைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஏப்ரல் முதல் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் என்ற வரம்பை வைத்திருக்கிறது. உங்கள் எண்ணை எடைபோட அது ஓர் அளவுகோலாகும்.

எஞ்சிய இழையையும் வளர்ப்பு நீரையும் ஆட்டோகிளேவில் அழித்த பின்னரும், டிரைட்டன் கலந்த நீரைக் கழுவு தொட்டியில் ஊற்றக் கூடாது; ஆட்டோகிளேவ் பூஞ்சையைக் கொல்லுமே தவிர டிரைட்டனை அழிக்காது. தனிக் கலனில் சேர்த்து, பெயர், செறிவு, தேதி எழுதி, வேதிக் கழிவாக ஒப்படையுங்கள். நிறமிச் சாற்றைப் பழுப்புக் குப்பியில், அமில எத்தனாலில், 4 டிகிரியில் இருட்டில் வையுங்கள். வாரம் ஒருமுறை 470 நானோமீட்டரில் படித்தால் எவ்வளவு தேய்கிறது என்பதும் கணக்கில் சேர்ந்துவிடும்.